பல் சக்கர ரயிலில் இரண்டு பேரன்கள்

கிளம்புவதற்கு முந்தைய நாள்: சென்னை

பெரியவனுக்கு எட்டு வயது, மகன் வயிற்றுப் பேரன். சின்னவனுக்கு நாலு, மகள் வயிற்றுப் பேரன். உடன் வருவது தாத்தாவும் பாட்டியும் மட்டும். சென்னையிலிருந்து மேட்டுப்பாளையம், அங்கிருந்து மலை ரயிலில் ஊட்டி, ஐந்தாம் நாள் இறங்குவது. இப்படிக் கிளம்பும் எந்தத் தாத்தாவும் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பயணம் எந்த வேகத்தில் போகும் என்பதைச் சின்னவனின் வயிறும் தூக்கமும்தான் தீர்மானிக்கும். ஒரு நாளைக்கு ஓர் இடம். அதற்கு மேல் சேர்க்கிற ஒவ்வொன்றுக்கும் சாயங்காலம் அழுகையாக வட்டி கட்ட வேண்டியிருக்கும்.

முதல் வேலை டிக்கெட். இப்போது முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது (2024 அக்டோபர் வரை 120 நாள்). மலை ரயிலில் இடம் குறைவு. சீசனில் முன்பதிவு திறந்த அன்று காலையிலேயே தீர்ந்துவிடும். அதனால் மலை ரயிலை முதலில் போட்டு, அது கிடைத்த தேதிக்குச் சென்னை ரயிலைப் போடுவதே சரியான வரிசை. மாற்றிச் செய்தால் மேட்டுப்பாளையம் வரை டிக்கெட் இருக்கும், மேலே ஏற இருக்காது.

ஐந்து வயது நிரம்பாத பிள்ளைக்கு ரயிலில் டிக்கெட் வேண்டாம், ஆனால் தனி இடமும் கிடையாது. ஐந்து முதல் பன்னிரண்டுக்குள் இருந்தால் பெர்த் வேண்டாம் என்று அரைக் கட்டணத்தில் போகலாம். பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம். எட்டு வயதுக்காரனுக்குத் தயங்காமல் முழு டிக்கெட் எடுங்கள். அரை டிக்கெட்டில் மிச்சமாகும் பணத்துக்கு, தாத்தா இரவு முழுக்க உட்கார்ந்தே வர வேண்டியிருக்கும். மலை ரயிலில் சின்னவனுக்கும் காசு கொடுத்துத் தனி இடம் எடுப்பது நல்லது. பதினாறு கிலோ பிள்ளையை ஐந்து மணி நேரம் மடியில் வைத்திருந்தால் மறுநாள் இடுப்பு நிமிராது.

மூத்த குடிமக்களுக்கான கீழ் பெர்த் ஒதுக்கீட்டில் பலரும் தடுமாறும் இடம் இது: ஆணுக்கு 60, பெண்ணுக்கு 45 என்று வயதுத் தகுதி இருந்தாலும், அந்த டிக்கெட்டில் தகுதி உள்ள ஒருவரோ இருவரோ மட்டுமே இருக்க வேண்டும். பேரன் பெயரை அதே டிக்கெட்டில் சேர்த்தால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. எல்லோரையும் ஒரே டிக்கெட்டில் போடுவதானால் பொது ஒதுக்கீட்டில் கீழ் பெர்த் விருப்பம் குறித்து, முன்பதிவு திறந்த முதல் நாளிலேயே போட வேண்டும். நாளாக ஆகக் கீழ் பெர்த் மிஞ்சாது.

அடுத்தது, பெற்றோர் எழுதித் தரும் தாள். மருமகளிடமும் மகளிடமும் கேட்டு வாங்க வேண்டியவை: பிள்ளையின் இப்போதைய எடை, ஒத்துக்கொள்ளாத உணவும் மருந்தும், வழக்கமாகப் பார்க்கும் டாக்டரின் எண், தூங்கும் நேரம், செல்போன் எவ்வளவு நேரம் என்ற வீட்டு விதி. கடைசியில் உள்ளதைத்தான் தாத்தாக்கள் முதலில் காற்றில் விடுவார்கள். "தாத்தா வீட்டுல மட்டும்" என்று ஒரு விதியைத் தளர்த்தினால், திரும்பிப் போன பிறகு அதன் பாரம் பிள்ளையின் அம்மா தலையில்தான் விழும். பிடிக்காத விதியானாலும் பயணம் முடியும் வரை அதன்படி நடந்துவிட்டு, பிறகு பெரியவர்களுக்குள் பேசிக்கொள்ளலாம். பேரன் காதுபட வேண்டாம்.

மருந்துப் பையில் கவனம் வேண்டியவை இரண்டு. ஒன்று, பாராசிட்டமால் சிரப். கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது பொதுவான அளவு. ஆனால் 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ள பாட்டிலும் விற்கிறது, 250 உள்ளதும் விற்கிறது. பாட்டி வீட்டில் பழக்கமான மூடி அளவை வேறு பாட்டிலுக்குப் போட்டால் மருந்து இரட்டிப்பாகிவிடும். எந்த பாட்டிலை எடுத்துப் போகிறீர்களோ அதை டாக்டரிடம் காட்டி, ஒவ்வொரு பேரனுக்கும் எத்தனை மில்லி என்று அதன் மேலேயே பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்று, வாந்தி பேதிக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரியதை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு அதிகமாகி நிலைமை மோசமாகும். ஒரு லிட்டர் அளவு போட்ட பாட்டில் ஒன்று கையோடு இருக்கட்டும்.

தாத்தாவின் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் பெட்டிக்குள் போகக்கூடாது. தோளில் மாட்டும் பையில், ஐந்து நாளுக்குப் பதில் எட்டு நாள் அளவுக்கு இருக்க வேண்டும். மலையில் மண்சரிவு என்றால் ஒன்றிரண்டு நாள் தங்க நேரும்.

பழைய நாலு முழ வேட்டி இரண்டு மடித்து வையுங்கள். துவைத்துத் துவைத்து மெலிந்தது. பெர்த்தில் விரிக்க, வாந்தி துடைக்க, குளிருக்கு ஒரு சுற்று, ஈரமான படுக்கைக்கு மேல் ஒரு மடிப்பு என்று வேறெந்தத் துணியும் இத்தனை வேலை செய்யாது.

முதல் நாள் இரவு: சென்னை சென்ட்ரல்

நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவு ஒன்பது மணியையொட்டிக் கிளம்புகிறது. சின்னவன் வழக்கமாகத் தூங்கும் நேரமும் அதுதான். சாப்பாட்டை ரயிலில் வைத்துக்கொண்டால் தூக்கமும் பசியும் சேர்ந்து இரண்டும் கெடும். ஏழரைக்கே வீட்டில் சாப்பிட வைத்து, ஸ்டேஷனில் வெறும் தண்ணீரோடு ஏறுவது நல்லது.

காலைக்குக் கட்டி எடுக்க வேண்டியது மிளகாய்ப்பொடி தடவிய இட்லி: பெரியவனுக்கு நாலு, சின்னவனுக்குப் பொடியைக் குறைத்து இரண்டு. இரண்டு பக்கமும் நல்லெண்ணெய் பட வேண்டும், இல்லையென்றால் காலைக்குள் காய்ந்து தொண்டையில் நிற்கும். தேங்காய்ச் சட்னி வேண்டாம், இரவுப் புழுக்கத்தில் கெட்டுவிடும். தயிர்சாதம் எடுப்பதானால் ஒரு கப் அரிசியைக் குழைய வடித்து, சூட்டிலேயே மசித்து, ஒன்றரை கப் காய்ச்சிய பால் ஊற்றி, நன்றாக ஆறிய பிறகு ஒரே ஒரு மேசைக்கரண்டி தயிர் சேர்க்க வேண்டும். காலையில் சரியான பதத்தில் இருக்கும். சூடாக டப்பாவில் அடைத்தால் ஆவி இறங்கி நீர்த்துப் புளித்துவிடும். பெரும்பாலான கட்டுச்சோறு கெடுவது இதனால்தான், தயிரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பிளாட்பாரத்தில் செய்ய வேண்டியது: பெரியவன் ஒரு போன் எண்ணையாவது மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். சின்னவனின் முன்கையில் பால்பாயிண்ட் பேனாவால் இரண்டு எண்கள் எழுதுங்கள். ரயிலில் எதற்கும் உதவி வேண்டுமென்றால் 139, பிள்ளை காணாமல் போனால் 1098. கூட்டத்தில் "என் கையைப் பிடிச்சுக்கோ" என்பதைவிட "தாத்தா கையை விடாம நீ பாத்துக்கணும்" என்று சொன்னால் நாலு வயதுப் பிடி இறுகும். பொறுப்பு தன்னுடையது என்று ஆனதும் பிள்ளைகள் நின்று நடக்கும் விதமே மாறிவிடும்.

பெர்த்தில் சின்னவன் பாட்டியோடு கீழே, சுவரோரம். ஒரே பக்கம் தலைவைத்தால் இருவருக்கும் தோள் இடிக்கும். எதிர் எதிராகத் தலைவைத்துப் படுத்தால் இடம் போதும். பெரியவனை நடு பெர்த்துக்கு மேல் ஏற்ற வேண்டாம். உறக்கத்தில் புரளும் வயது. "மேலதான் படுப்பேன்" என்று நிற்பான். விளக்கு அணைக்கும் வரை மேலே உட்கார்ந்து பார்க்கட்டும், தூங்க இறங்கிவிட வேண்டும் என்று ஏறும் முன்பே பேசிக்கொண்டால் சண்டை வராது. ஏறிய பிறகு பேசினால் கட்டாயம் வரும்.

இரவில் ஒரு முறை சின்னவனைக் கழிவறைக்குக் கூட்டிப்போக வேண்டும். ரயில் ஆட்டத்தில் பிள்ளைகள் பயந்து அடக்கிக்கொள்ளும். தாத்தா இரண்டு காலையும் அகட்டி நின்று, பின்னாலிருந்து அக்குளில் பிடித்துக்கொள்வதே பாதுகாப்பான முறை. பெட்டிகளை இணைக்கும் வழி (வெஸ்டிபியூல்) பக்கம் கதவு திறந்திருந்தால் முதலில் அதைச் சாத்திவிட்டு வாருங்கள்.

இரண்டாம் நாள்: மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி

ஆறேகாலையொட்டி ரயில் வந்து நிற்கிறது. மலை ரயில் ஏழு பத்துக்கு. இடையில் இருக்கும் நேரத்தில் சாப்பாட்டுக்கு முன் கழிவறை. மலை ரயில் பெட்டிகளில் கழிவறை கிடையாது. இதைத் தெரியாமல் ஏறும் குடும்பங்கள் அடுத்த ஸ்டேஷனான கல்லார் தாண்டும் முன்பே திண்டாடிப் போகும். பிறகு இட்லி, அரை வயிறு. பால் வேண்டாம். மலை ஏறும் காலையில் பால் குடித்த பிள்ளைதான் முதலில் வாந்தி எடுக்கும்.

பெட்டிகளில் பெரிய சூட்கேஸ் வைக்க இடம் இல்லை. கையில் தூக்கும் பைகள், ஆளுக்கு ஒன்று. பெரியவன் அவன் பையை அவனே சுமக்கட்டும், இரண்டு கிலோவுக்குள்.

இனி ரயிலைப் பற்றி. எட்டு வயதுப் பேரனிடம் தாத்தா நிறைய பேசலாம் என்று இருக்கும் நாள் இது ஒன்றுதான், அதனால் தாத்தா தெரிந்துகொண்டு ஏற வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதை, அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே ஒரு மீட்டர். குன்னூர் வரை 1899இல் திறந்தார்கள், 1908இல் ஊட்டியை எட்டியது. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மொத்தம் 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். கிளம்பும் ஸ்டேஷன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரம், போய்ச் சேருவது 2,200 மீட்டர்.

கல்லாருக்குப் பிறகு தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இரும்புச் சட்டம் தொடங்குகிறது. அங்கிருந்து குன்னூர் வரை சுமார் 20 கிலோமீட்டருக்கு என்ஜினின் அடியில் உள்ள பல் சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. சட்டம் ஒன்றில்லை, பக்கத்துக்குப் பக்கமாக இரண்டு. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். இதனால் எந்த நொடியிலும் ஒரு பல்லாவது கவ்விய நிலையில் இருக்கும். வெறும் சக்கரத்தை நம்பினால் இந்தச் சரிவில் வழுக்கும், ஏனென்றால் 12 அடி முன்னே போனால் 1 அடி உயர்கிறது.

இதைச் சொன்னால் புரியாது, காட்ட வேண்டும். பெரியவனின் பையிலிருந்து ஸ்கேலை எடுங்கள். நோட்டின் மேல் வைத்து, 12 சென்டிமீட்டர் குறி இருக்கும் இடத்தை ஒரு சென்டிமீட்டர் உயர்த்துங்கள். "இவ்வளவுதானா தாத்தா?" என்பான். அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை நிற்க வைத்து விடச் சொல்லுங்கள். உருண்டு போய்விடும். அதன் பிறகு வாயை மூடிக்கொள்வது தாத்தாவின் கடமை. அடுத்த கேள்வி அவனிடமிருந்து வர வேண்டும், வரும்.

நீராவி என்ஜின் 'எக்ஸ்' வகை. இதற்கு நாலு சிலிண்டர். இரண்டு சாதாரணச் சக்கரங்களுக்கு, இரண்டு பல் சக்கரங்களுக்கு. முதலில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவை. இப்போது திருச்சி பொன்மலைப் பணிமனையில் கட்டியவையும் ஓடுகின்றன. ஏறும்போது என்ஜின் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று தள்ளுகிறது. காரணத்தைப் பேரனிடமே கேட்கலாம்: கொக்கி கழன்றால் பெட்டி எந்தப் பக்கம் ஓடும்? கீழ்ப்பக்கம் என்ஜின் இருந்தால் அது தாங்கிக்கொள்ளும். பெட்டிக்கு ஒரு பிரேக்காரர் வேறு தனியாக உட்கார்ந்திருப்பார். அவருடைய கையசைவைப் பார்க்கச் சொல்லுங்கள். பல் பாதையில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர்தான், எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்கலாம்.

சின்னவனுக்கு இதெல்லாம் வேண்டாம். அவனுக்குக் குகைகள் போதும். வளைவுகளை எண்ண முடியாது, 16 குகைகளை எண்ணலாம். இரண்டு கை விரல் முடிந்ததும் கால் விரல். குகைக்குள் நுழையும் முன் என்ஜினுக்கு அருகில் உள்ள பெட்டி என்றால் ஜன்னலை ஏற்றிவிடுங்கள், புகை உள்ளே வரும். கண்ணில் தூசி விழுந்தால் கசக்க விடாமல், சுத்தமான தண்ணீரை மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஊற்ற வேண்டும்.

ஜன்னல் இருக்கைச் சண்டைக்குத் தீர்வு ஒன்று உண்டு: ரயில் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் இடம் மாற்றம். கல்லார், ஹில்குரோவ், குன்னூர், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல். தாத்தா தீர்ப்புச் சொன்னால் "அவனுக்குத்தான் எப்பவும் குடுக்கறீங்க" என்று வரும். மகன் பிள்ளை, மகள் பிள்ளை என்று இரண்டு வீட்டுப் பேரன்கள் இருக்கும்போது அந்தச் சொல் வீடு வரை போய் வளரும். ஸ்டேஷன் தீர்ப்புச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. எட்டு வயதுக்காரனையே நேரம் பார்த்து அறிவிக்கச் சொன்னால், தனக்கு எதிராகவும் அவன் நியாயமாகச் சொல்வதைப் பார்க்கலாம்.

காது அடைத்தால் ஒவ்வொரு வாயாகத் தண்ணீர் கொடுங்கள், விழுங்கும்போது திறந்துகொள்ளும். சளி பிடித்திருக்கும் பிள்ளைக்கு இது வலியாகவே இருக்கும். மூக்கடைப்பு அதிகமென்றால் பயணத்தை ஒரு வாரம் தள்ளுவது மேல்.

ஹில்குரோவில் ரயில் தண்ணீர் பிடிக்க நிற்கிறது. இறங்கலாம், கழிவறையும் தின்பண்டமும் இருக்கின்றன. குரங்குகளும் இருக்கின்றன. பிள்ளை கையில் தின்பண்டத்தோடு இறங்கக்கூடாது. கிளம்பும் முன்பே பெரியவனிடம் சொல்லி வைக்க வேண்டியது: குரங்கு பிடுங்கினால் விட்டுவிடு, இழுக்காதே, பல்லைக் காட்டிச் சிரிக்காதே. கடித்தாலும் கீறினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி தொடங்க வேண்டும். சின்னக் கீறல்தானே என்று மஞ்சள் வைத்துவிட்டு இருக்கக்கூடாது.

குன்னூரில் நீராவி என்ஜின் விடைபெற்று டீசல் என்ஜின் மாட்டுகிறது. இங்கிருந்து பல் சட்டம் இல்லை. சின்னவன் இந்தப் பகுதியில் தூங்கிவிடுவான், எழுப்ப வேண்டாம். கேத்திப் பள்ளத்தாக்கு அவனுக்கு இன்னொரு முறை கிடைக்கும். எழுப்பிக் காட்டிய காட்சி எதுவும் நாலு வயது மனத்தில் நிற்பதில்லை, எழுப்பிய எரிச்சல்தான் நிற்கும்.

பன்னிரண்டையொட்டி ஊட்டி. மதியம் ரசஞ்சோறு, தூக்கம். இன்று வேறு எதுவும் இல்லை.

மழைக்காலம் பற்றி ஒரு சொல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிவால் மலை ரயில் அடிக்கடி ரத்தாகும். அந்த மாதங்களில் வருபவர்கள் பஸ் வழியையும் யோசித்துவைத்தே கிளம்ப வேண்டும்; பேரனிடமும் "ரயில் ஓடினா ஏறலாம்" என்றே சொல்லி வையுங்கள்.

மூன்றாம் நாள்: ஊட்டி

மே மாதத்திலும் இங்கே விடியற்காலையில் 12, 13 டிகிரி வரை இறங்கும். ஒரே தடி ஸ்வெட்டரைவிட மெல்லிய பருத்திச் சட்டை, அதன் மேல் முழுக்கைச் சட்டை, அதன் மேல் ஸ்வெட்டர் என்று மூன்றடுக்கு நல்லது. பத்து மணி வெயிலில் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். பிள்ளை ஓடி வியர்த்த பிறகு ஸ்வெட்டர் ஈரமாகவே உடம்பில் இருந்தால்தான் நடுக்கம் வருகிறது. உயரத்தில் வெயில் உறைக்காததுபோல் இருக்கும், ஆனால் தோல் கருகும். தொப்பி கழற்ற விட வேண்டாம்.

தங்கும் அறையில் மூன்று காரியம். குளிக்க வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். வெறும் வெந்நீர் வாளியைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பவே கூடாது. இரண்டு, குளிருக்காக யாராவது கரி அடுப்பு கொண்டுவந்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மூடிய அறையில் கரிப்புகையின் கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே உயிரை எடுக்கும், அதற்கு வாசனையும் கிடையாது. மூன்று, குளிரில் பிள்ளைகள் அடிக்கடி சிறுநீர் கழிக்கும், புது இடத்தில் படுக்கையும் நனையும். நாலு வயதில் இது இயல்பு. வேட்டியை எட்டாக மடித்து இடுப்புக்கு அடியில் போட்டு, காலையில் சத்தமில்லாமல் எடுத்து அலசிவிட வேண்டும். பெரியவன் முன்னால் அதைப் பேசினால், அடுத்த வருடம் தீபாவளிக்கும் அவன் அதைச் சொல்லிக் கேலி செய்வான்.

நாங்களே சமைக்கிறோம் என்று அறையோடு அடுப்பு எடுப்பவர்களுக்கு: ஊட்டியில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறைகிறது. அதனால் திறந்த பாத்திரத்தில் அரிசி நேரமாகும், பருப்பு வேகவே வேகாது. குக்கர் கட்டாயம், இரண்டு விசில் கூடுதல்.

இன்றைய ஒரே இடம் தாவரவியல் பூங்கா. 1848இல் தொடங்கியது, 22 ஹெக்டேர், மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறுகிறது. முழுவதும் சுற்ற நினைக்காதீர்கள். கீழ்ப் புல்வெளியில் ஒரு மணி நேரம் உருளட்டும். பிறகு கல்லாகிப்போன மரத்தண்டைப் பார்க்கலாம், 2 கோடி ஆண்டு பழையது. பெரியவனுக்குக் கோடி புரியாது. "நம்ம வீட்டுல தாத்தா, தாத்தாவோட தாத்தா, அவரோட தாத்தா" என்று பின்னால் போகும் விளையாட்டை ஆடுங்கள். எத்தனை பெயர் சொல்ல முடிகிறது? பெரும்பாலான வீடுகளில் நாலாவது பெயரில் நின்றுவிடும். அந்த நாலு பெயரையும் அவன் நோட்டில் எழுதி, ஊரையும் தொழிலையும் சேர்த்துக் குறிக்கச் சொல்லுங்கள். பேரனுக்குத் தாத்தா மட்டுமே தரக்கூடிய தகவல் இது. அவனுடைய அப்பாவிடம் கேட்டால் இரண்டு பெயரோடு முடிந்துவிடும்.

கதை சொல்லும்போது ஒரு கவனம் வேண்டும். "உங்கப்பன் உன் வயசுல எப்படி இருந்தான் தெரியுமா" என்று தொடங்குவதைப் பிள்ளைகள் கண் விரித்துக் கேட்கும். அப்பா கீழே விழுந்தது, பரீட்சையில் கோட்டைவிட்டது, பாட்டியிடம் அடி வாங்கியது எல்லாம் அமிர்தம். ஆனால் "நீ ஏன் அப்படி இல்ல" என்று ஒரு வரி சேர்ந்துவிட்டால் மறுமுறை கேட்க வரமாட்டான்.

பூங்காவில் ஏறுவதைவிட இறங்கும்போதுதான் தாத்தாவின் முழங்கால் வலிக்கும். சின்னவன் சரியாக அங்கேதான் தூக்கச் சொல்வான். குனிந்து தூக்கக்கூடாது. ஒரு படியிலோ பெஞ்சிலோ அவனை நிற்க வைத்து, உங்கள் மார்பு உயரத்துக்கு வந்த பிறகு அணைத்துத் தூக்குங்கள். இருபது எட்டுக்கு ஒரு முறை இறக்கி, "இப்ப நீ என்னைக் கூட்டிட்டுப் போ" என்று விரலைக் கொடுங்கள்.

அம்மாவிடம் போனில் பேசுவது சாயங்காலம் ஐந்து மணிக்கு. இரவு தூங்கும் முன் பேச வைத்தால் "அம்மாகிட்ட போகணும்" என்று ஆரம்பித்து இரண்டு மணி நேரம் ஓயாது. அப்படியும் அழுதால் "அழக்கூடாது, ஆம்பளப் பையன்" என்ற பேச்சு வேண்டாம். பக்கத்தில் படுத்து, அம்மா இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: பாத்திரம் கழுவுவாள், கதவு சாத்துவாள், விளக்கு அணைப்பாள். அந்த வீட்டின் விளக்கு அணையும்போது இங்கேயும் கண் மூடும்.

நான்காம் நாள்: ஊட்டி

இன்று இரண்டு பேரையும் பிரித்துவிட வேண்டும். நாலு நாளாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சலித்த நேரம். காலையில் தாத்தாவும் பெரியவனும், பாட்டியும் சின்னவனும். மதியத்துக்கு மேல் மாற்றம். தலைக்கு ஒரு மணி நேரம் போதும். கூட இன்னொருவன் இல்லாதபோது பேரன் பேசும் குரலே வேறாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் யார் அடிக்கிறான், எந்த மிஸ்ஸைப் பிடிக்காது என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். நடந்துகொண்டே கேளுங்கள், முகத்தைப் பார்த்துக் கேட்காதீர்கள். கவலைப்பட வேண்டிய செய்தி என்றால் அவன் பெற்றோரிடம் சொல்லப் போவதாக அவனிடமே சொல்லிவிட்டுச் சொல்ல வேண்டும்.

பெரியவனோடு போக மார்க்கெட் நல்ல இடம். ஐம்பது ரூபாய் கொடுத்து அவனையே கேரட் வாங்கச் சொல்லலாம். ஊட்டியின் மொறுமொறு பிஸ்கட்டான வர்க்கியும் வாங்கலாம், 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. காற்றுப் பட்டால் நமுத்துவிடும், மூடி இறுகும் டப்பா எடுத்துப் போங்கள். மாவட்டம் முழுவதும் பிளாஸ்டிக் பைக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை இருப்பதால் துணிப்பையும் எவர்சில்வர் பாட்டிலும் கையில் வேண்டும். குடிநீர் இயந்திரங்கள் சாலையோரம் இருக்கின்றன.

மலை ரயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏற இடம் கிடைக்காதவர்கள் இன்று ஊட்டி–குன்னூர் வண்டியில் போய் வரலாம், ஏறக்குறைய ஒரு மணி நேரம். பல் பாதையும் நீராவியும் இல்லை. நாலு வயதுக்கு இதுவே நிறைவு.

ஐந்தாம் நாள்: இறக்கம்

மலை ரயில் இரண்டு மணிக்கு ஊட்டியில் கிளம்பி ஐந்தரையையொட்டி மேட்டுப்பாளையம் சேரும், சென்னை ரயிலுக்கும் பொருந்தும். இடம் கிடைக்காவிட்டால் சாலை வழி. குன்னூர் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வெளியூர்க் காரை வரவழைப்பதானால் 2024 மே முதல் இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) வேண்டும். பஸ்ஸில் வருபவர்களுக்கு வேண்டாம்.

வாந்தி இங்கேதான் வரும். உள்காது உடம்பு திரும்புகிறது என்கிறது, கண் எதிரில் இருக்கும் சீட்டைப் பார்த்துக்கொண்டு அசையவில்லை என்கிறது. இந்த முரண்தான் குமட்டல். இரண்டு வயது முதல் பன்னிரண்டு வரை இது அதிகம். எனவே செல்போனும் படப்புத்தகமும் கூடாது, தூரத்து மலையைப் பார்க்க வேண்டும், முடிந்தவரை முன்வரிசை, ஜன்னல் நாலு விரல் திறப்பு. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி. வெறும் வயிறும் கெடுதல், நிறைந்த வயிறும் கெடுதல். மாத்திரை தேவைப்படும் பிள்ளை என்றால் முன்பே டாக்டர் எழுதிக் கொடுத்ததை மட்டும், அவர் சொன்ன நேரத்தில் கொடுங்கள். குமட்டல் வந்த பிறகு கொடுத்தால் அதுவும் வெளியே வந்துவிடும். முகம் வெளுத்து, கொட்டாவி விட்டு, பேச்சு நின்றால் இன்னும் சில நிமிடத்தில் வாந்தி. அப்போதே வண்டியை ஓரம் கட்டச் சொல்லுங்கள்.

சென்னையில் பிள்ளைகளை ஒப்படைக்கும்போது பெற்றோரிடம் சொல்ல வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்த மருந்து எத்தனை மணிக்கு எத்தனை மில்லி, கடைசியாக வயிறு போனது எப்போது, எங்கேயாவது விழுந்தானா, என்ன புதிதாகச் சாப்பிட்டான். பெரியவனின் நோட்டில் நாலு பெயர் எழுதிய பக்கத்தில் ஐந்தாவது வரி காலியாக இருக்கும். ஊரில் வயதான அத்தையோ சித்தப்பாவோ யாராவது இருந்தால், அவர்கள் எண்ணை அந்த வரிக்குப் பக்கத்தில் எழுதி, ஞாயிற்றுக்கிழமை அவனையே கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.